பூட்டிய கதவும் எழுதிய தாளும்

(மாவட்டச் செயல்வீரர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முகாமுக்கு வர இயலாத தோழர்களும் படித்தறியும் பொருட்டு இங்கே வெளியிடப்படுகிறது.)

தோழர்களே!

நேற்று முதல் இந்த முகாமில் பெரிய பெரிய பொருள்கள் பற்றிப் பேசப்பட்டன. மாநில உரிமை பற்றிக் கேட்டீர்கள்; நிதிப் பங்கீடு பற்றிக் கேட்டீர்கள். கேட்க வேண்டியவை, கேட்டு நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டியவை. நான் பேச வந்திருப்பதோ ஒரு தாளைப் பற்றி!

சில பக்கங்கள் கொண்ட தாள். அச்சிட்ட கேள்விகள், அவற்றுக்கு நேரே நிரப்பப்பட்ட பதில்கள், அடியிலே ஒரு கையொப்பம். அவ்வளவுதான். ஆனால், ஒரு பிள்ளை இன்றிரவு தன் தாயின் அருகே படுத்துறங்குமா, அல்லது முன்பின் அறியாத இல்லத்தின் கூடத்திலே, வரிசையாய் விரித்த பாய்களுக்கு நடுவே விழித்துக் கிடக்குமா என்பதை முடிவு செய்யும் ஆற்றல் அந்தத் தாளுக்கு இருக்கிறது.

அதற்குச் சமூக விசாரணை அறிக்கை என்று பெயர்.

"கட்சி முகாமிலே இதற்கென்ன இடம்? இது அதிகாரிகளின் வேலையல்லவா?" என்று சிலர் எண்ணக்கூடும். நான் கேட்கிறேன்: அந்தத் தாள் யாரைப் பற்றி எழுதப்படுகிறது? மாளிகையில் வாழ்வோர் பற்றியா? அவர்கள் வீட்டுப் பிள்ளை இரவு பத்து மணிக்குத் தெருவில் நின்றால், கார் சென்று அழைத்து வரும். நம் தெருவிலே, நம் குப்பத்திலே, கல் உடைக்கும் இடத்திலே, செங்கல் சூளையிலே வாழும் குடும்பங்களைப் பற்றித்தான் அந்தத் தாள் பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதிகாரம் என்பது கோட்டையிலே மட்டும் குடியிருப்பதன்று, தோழர்களே! ஏழையின் வாசலிலே நின்று குறிப்பெடுக்கும் பேனாவிலும் அது குடியிருக்கிறது. கோட்டையிலே இருக்கும் அதிகாரத்தைக் கேள்வி கேட்கப் பழகிய நாம், அந்தப் பேனாவின் அதிகாரத்தையும் அறிந்துகொள்ள வேண்டாமா?

சட்டம் வகுத்த வழி

முதலில் முறையைச் சொல்கிறேன்.

பெற்றோரைப் பிரிந்த பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை, வேலைக்கு வைக்கப்பட்ட பிள்ளை, வீட்டிலேயே கொடுமைக்கு ஆளான பிள்ளை ஆகியோரைச் சட்டம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்று அழைக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, அத்தகைய பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவர் ஒருவர், உறுப்பினர் நால்வர் கொண்ட குழு அது. பெயர்தான் குழு, முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குள்ள அதிகாரம் அதற்குண்டு. எனவே அதை நீதிமன்றமாகவே கருதி அதன்முன் செல்ல வேண்டும்.

குழு பிள்ளையைப் பார்க்கும், பேசும். ஆனால் குழுவில் அமர்ந்திருப்போர் பிள்ளையின் வீட்டைப் பார்த்தவரல்லர். ஆகவே, "சென்று பார்த்து எழுதி வருக" என்று நன்னடத்தை அலுவலருக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ ஆணையிடுகிறது. 15 நாளில் அந்த விசாரணை முடிய வேண்டும். முதலில் முன்னிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு இறுதி ஆணை வழங்க வேண்டும். பெற்றோரிடம் ஒப்படைக்கலாம், இல்லத்துக்கு அனுப்பலாம், வளர்ப்புக் குடும்பத்திடம் விடலாம், நிதி ஆதரவு வழங்கலாம்.

2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளிலே இதற்கென 22ஆம் படிவம் இருக்கிறது. குடும்பத்தில் யார் யார், வயதென்ன, படிப்பென்ன, தொழிலென்ன, மாத வருவாய் என்ன, உடல்நலம் எப்படி, மனநோய் உண்டா, தீய பழக்கம் உண்டா, வீடு எத்தகையது, உறவினரோடு ஒட்டுறவு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை முதல் அந்தரங்கம் வரை அனைத்தும் தாளிலே வந்து அமர்ந்துவிடுகின்றன.

இந்த முறை கெட்ட முறை என்று நான் சொல்ல வரவில்லை. நெடுங்காலப் போராட்டத்தால் கிடைத்த நல்ல முறை இது. குற்றம் என்ன என்று மட்டும் பாராமல் பிள்ளையின் வாழ்வு எப்படிப்பட்டது என்று பார்க்கும் எண்ணம், 1899இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலே சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் தோன்றிய நாளிலேயே செயலுக்கு வந்தது. நம் சென்னை மாகாணம் 1920லேயே குழந்தைகள் சட்டம் இயற்றியது. இந்திய மாகாணங்களில் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றியது நாம்தான். அந்தப் பெருமை நமக்குண்டு. பெருமை உள்ள இடத்திலே பொறுப்பும் உண்டல்லவா?

பூட்டிய கதவு

சட்டத்தைச் சொன்னேன். இனி அது வாழ்விலே எப்படி வந்து முடியக்கூடும் என்று பார்ப்போம். ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். நடந்த ஒரு வழக்கை நான் சொல்லவில்லை; நடக்கக்கூடியதைச் சொல்கிறேன்.

ஒன்பது வயதுச் சிறுவன். தந்தை இல்லை. தாய் பகலில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறாள். மாலையில் மருத்துவமனையிலே துப்புரவு வேலை. கடைசிப் பேருந்தில் வீடு திரும்புவாள். ஒருநாள் இரவு பதினொரு மணிக்குப் பேருந்து நிலையத்தில் தனியே நின்ற சிறுவனைக் காவலர் கண்டார். சட்டப்படி குழுவின்முன் நிறுத்தினார். காவலர் செய்தது சரி. விசாரணைக்கு ஆணையிட்ட குழு செய்ததும் சரி.

அலுவலர் வீட்டுக்குச் சென்றார். காலை பதினொரு மணி. கதவு பூட்டியிருந்தது. அண்டை வீட்டில் கேட்டார். தெருக் குழாயில் தண்ணீர் பிடிப்பதிலே அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஓராண்டாகப் பேச்சில்லை. "அவ எங்கேங்க வீட்ல இருக்கா?" என்றார் அண்டை வீட்டுக்காரர். அலுவலருக்கு அன்று இன்னும் மூன்று வீடுகள் பார்க்க வேண்டும். திரும்பிப் போய் எழுதினார்:

"வீடு பூட்டியிருந்தது. தாய் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை என அண்டை வீட்டார் தெரிவித்தனர். சிறுவன் இரவில் பேருந்து நிலையத்தில் சுற்றித் திரிகிறான். தாயிடம் போதிய கவனிப்பு இல்லை."

நான்கு வாக்கியங்கள். முதல் வாக்கியம் மெய். இரண்டாவது, கேட்டது. மூன்றாவது, பாதி மெய். நான்காவது மெய்யுமன்று, கேட்டதுமன்று; எழுதியவரின் முடிவு. ஆனால் தாளிலே நான்கும் ஒரே மையில், ஒரே வரிசையில், ஒரே மதிப்போடு நிற்கின்றன! பூட்டிய கதவு புகுந்த தாளிலிருந்து கவனிப்பில்லாத தாய் வெளிவந்துவிட்டாள்.

குழுவின்முன் தாய் நிற்கிறாள்.

"அம்மா, பிள்ளையைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று அறிக்கை வந்திருக்கிறது."

"யாருங்க ஐயா அப்படிச் சொன்னது?"

"அதைச் சொல்வதற்கில்லை, அம்மா."

அதற்குமேல் அவள் என்ன பேசுவாள்? எதை மறுப்பாள்? கதவு பூட்டியிருந்த நேரத்திலே தான் எந்த வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருப்பாள். வீட்டுக்காரரையே அழைத்து வந்து சொல்ல வைத்திருப்பாள். குழாயடிச் சண்டையைச் சொல்லியிருப்பாள். ஆனால் பூட்டிய கதவைப் பற்றித்தான் கேள்வி என்பதே அவளுக்குத் தெரியாது. அழுகிறாள். "தாய் உணர்ச்சிவசப்பட்ட நிலையில் உள்ளார்" என்று அதுவும் ஏட்டில் ஏறுகிறது.

சிறுவனையாவது கேட்டார்களா? "இரவில் ஏன் பேருந்து நிலையத்துக்குப் போனாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தால், "அம்மா வர்ற பஸ்ஸைப் பார்க்கத்தான் சார் போனேன்" என்று சொல்லியிருப்பான். சுற்றித் திரிந்த பிள்ளையல்ல அவன்; தாயை அழைத்து வரச் சென்ற பிள்ளை!

இரு பக்கமும் பள்ளம்

"அப்படியானால் அறிக்கையே வேண்டாம், பிள்ளையைப் பெற்றவரிடம் கொடுத்துவிடுவதே அறம் என்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை, தோழர்களே, இல்லை! பெற்றவர் என்பதாலேயே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. அடிக்கும் கையும் சில வேளை வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. இதிலே எத்தனை எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இங்கிலாந்து நாட்டின் இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பிரைட்டன் நகரில் நடந்தது. கைக்குழந்தைப் பருவம் முதல் அத்தையின் வீட்டிலே வளர்ந்த ஒரு சிறுமியை, 1971இல் பெற்ற தாயிடமே அனுப்பினார்கள். தாய் கேட்டார்; பொறுப்பிலிருந்த ஊராட்சி அமைப்பு எதிர்க்கவில்லை; நீதிமன்றம் இசைந்தது. போக மாட்டேன் என்று அந்தச் சிறுமி முரண்டியதை எடுத்துச் சொல்ல, அவளுக்கென்று தனியே ஒருவர் அந்த நீதிமன்றத்தில் இல்லை. பிறகு அண்டை வீட்டார் எச்சரித்தனர், ஆசிரியை எச்சரித்தார். 1973 ஜனவரியில், ஏழு வயதிலே, மாற்றாந்தந்தையின் கையால் அவள் மாண்டாள். நாடே கொதித்தது. பொது விசாரணை நடந்தது. அதன் பயனாக, இத்தகைய வழக்கிலே பிள்ளையின் சார்பாகவே பேசத் தனி ஒருவரை அமர்த்த 1975ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது.

இரண்டாவது, அதே நாட்டின் கிளீவ்லாந்து வட்டாரத்தில் நடந்தது. 1987இல், சில மாதங்களுக்குள், 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று மருத்துவர் இருவர் கண்டறிந்ததாகக் கூறினர். பிள்ளைகள் வீடுகளிலிருந்து அவசர அவசரமாக அகற்றப்பட்டனர். பிறகு நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் தலைமையில் விசாரணை நடந்து, 1988இல் அறிக்கை வந்தது. பெரும்பாலான குழந்தைகள் வீடு திரும்பினர். பிள்ளை என்பது அதிகாரிகளின் கவலைக்குரிய பொருளன்று, ஓர் ஆள் என்னும் பாடத்தை அந்த அறிக்கை உலகுக்குச் சொன்னது. அடுத்த ஆண்டு, 1989இல், அந்நாட்டின் புதிய குழந்தைகள் சட்டம் பிறந்தது.

பாருங்கள்! ஒரே நாடு. பதினான்கு ஆண்டு இடைவெளி. அங்கே அனுப்பியது தவறு. இங்கே அகற்றியது தவறு. ஒரு பக்கம் சாய்ந்தால் சாவு. மறுபக்கம் சாய்ந்தால் பிரிவு. ஆகவே 'எப்போதும் பிரிக்காதே' என்பதும் விடையாகாது. 'ஐயம் வந்தால் பிரித்துவிடு' என்பதும் விடையாகாது. உண்மையை அறி என்பதே விடை. உண்மையை எப்படி அறிவது? எழுதியதைச் சோதித்துத்தான் அறிய முடியும். எழுதப்பட்டவர் அதைக் கேட்காமல், எழுதியதைச் சோதிப்பது எங்ஙனம்?

கிளாஸ்கோவின் பெற்றோர்

இந்தக் கேள்வி புதிதன்று. 1966 மார்ச்சில், வாஷிங்டன் நகரத்துப் பதினாறு வயதுச் சிறுவனின் வழக்கிலே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சந்தித்தது. சிறுவர் நீதிமன்றம் தன்னிடமிருந்த சமூக அறிக்கைகளைச் சிறுவனின் வழக்கறிஞருக்குக் காட்டாமலேயே, பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு அவனை அனுப்பிவிட்டது. அது செல்லாது, அந்த அறிக்கைகளைப் பார்க்க வழக்கறிஞருக்கு உரிமை உண்டு என்று நீதிபதி ஏப் போர்ட்டாஸ் எழுதிய தீர்ப்பு கூறியது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். ஒரே ஒரு வாக்கிலே வென்ற நீதி அது.

நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்து வழக்கு. 1987 இறுதியில் அங்கே ஒரு குழந்தை பிறந்தது. தாய்க்கு மனநோய் இருந்தது என்பதால் குழந்தையை அரசு அமைப்பு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்நாட்டிலே இத்தகைய வழக்குகளை, பொதுமக்களிலிருந்து தேர்ந்த மூவர் கொண்ட அவை விசாரிக்கும். நம் குழந்தைகள் நலக் குழுவுக்கு ஏறத்தாழ உறவுமுறை கொண்டது. அவையின் கையிலே சமூகப் பணியாளரின் அறிக்கைகள் இருந்தன. பெற்றோர் கையிலே ஒன்றுமில்லை. அன்றைய விதிப்படி, அவைத் தலைவர் அறிக்கைகளின் சாரத்தைப் பெற்றோருக்குச் சொன்னார், தாளைத் தரவில்லை.

வழக்கு ஸ்டிராஸ்பூரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 1995 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. நேர்மையான விசாரணை கேட்கும் தாயின் உரிமை மீறப்பட்டது. குடும்ப வாழ்வு மதிக்கப்பட வேண்டுமென்னும் இருவர் உரிமையும் மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. சமூக அறிக்கை போன்ற இன்றியமையாத தாளை மறைத்துவிட்டு, அதற்குப் பதில் சொல் என்று கேட்பது நியாயமாகாது என்பதே அதன் கருத்து. மறு ஆண்டு ஸ்காட்லாந்து தன் விதியை மாற்றி, பெற்றோருக்கும் தாள்களைத் தர ஏற்பாடு செய்தது.

பெற்றோர் வென்றனர். ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே குழந்தை வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. நீதி வந்தது, குழந்தை வரவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் பிரிவு

இனி நம் வீட்டுக்கு வருவோம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 99ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பிள்ளையைப் பற்றிய அறிக்கைகள் அனைத்தும் மந்தணமானவை. குழு, தக்கதெனக் கருதினால், அவற்றின் சாரத்தைப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தெரிவிக்கலாம். அதற்கு மறுப்பாகச் சான்று கொண்டுவர வாய்ப்பளிக்கலாம்.

'தக்கதெனக் கருதினால்', 'தெரிவிக்கலாம்', 'அளிக்கலாம்'. அந்த 'லாம்' என்னும் ஈற்றிலேதான் அந்தத் தாயின் கண்ணீர் தொங்கிக்கொண்டிருக்கிறது! நல்ல குழு கருதும், தெரிவிக்கும். மாநிலத்திலே அப்படிப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் நல்லவர் அமர்ந்தால் நீதி, அல்லாதவர் அமர்ந்தால் இல்லை என்றால் அதற்குப் பெயர் உரிமையா? அது கருணை. கருணையை யாசித்து நிற்பதற்காகவா நம் முன்னோர் சட்டம் கேட்டுப் போராடினார்கள்?

வியப்பு என்னவென்றால், அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு பதினாறு கொள்கைகளை அடுக்கிச் சொல்கிறது. பதினாறாவது கொள்கை இயற்கை நீதி. நேர்மையாகக் கேட்கப்படும் உரிமை, பாரபட்சமின்மை, மறுஆய்வு கேட்கும் உரிமை ஆகியவற்றை நீதி வழங்கும் ஒவ்வோர் அமைப்பும் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது அது. பிள்ளையின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்கிறது மற்றொரு கொள்கை. இல்லத்துக்கு அனுப்புவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. சட்டத்தின் தொடக்கம் வாசலைத் திறந்து வைக்கிறது. பின்னே வரும் பிரிவு தாழ்ப்பாளைக் குழுவின் கையிலே கொடுத்துவிடுகிறது.

"மந்தணம் பிள்ளையின் நன்மைக்காகத்தானே?" என்று கேட்பார்கள். ஆம், ஊராரிடமிருந்து மறைப்பது பிள்ளையின் நன்மைக்கு. செய்தித்தாளிலிருந்து மறைப்பது நன்மைக்கு. ஆனால் பிள்ளையைப் பற்றிய செய்தியைப் பிள்ளையிடமிருந்தே மறைப்பது யார் நன்மைக்கு? ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கொடுமை செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால், பிள்ளை அச்சத்தோடு சொன்ன சொல்லை அவர் கையிலே கொடுக்கக் கூடாது. தகவல் தந்த அண்டை வீட்டாரின் பெயரையும் வெளியிட வேண்டியதில்லை. அந்தப் பகுதியை மறைக்கலாம். ஏன் மறைத்தோம் என்று குழு எழுதி வைக்கட்டும். விதிவிலக்கு விதிவிலக்காகவே இருக்கட்டும். அதையே விதியாக்கிவிட வேண்டாம்.

பேனா பிடித்தவரும் நம்மவரே

தோழர்களே, இதைக் கேட்டுவிட்டு அந்த அலுவலர் மீது பாய வேண்டாம். அவர் யார்? மிஷன் வாத்சல்யா திட்டப்படி ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலே சட்ட நன்னடத்தை அலுவலர் பணியிடம் ஒன்று, சமூகப் பணியாளர் இருவர், களப்பணியாளர் இருவர். மாவட்டம் முழுமைக்கும் இவ்வளவே! அதுவும் ஒப்பந்தப் பணி. நாளை வேலை உண்டா என்று அறியாதவர், இன்னொரு குடும்பத்தின் நாளையை எழுத அனுப்பப்படுகிறார். பதினைந்து நாள் கெடு தலைமேலே தொங்குகிறது. பூட்டிய கதவைக் கண்டால் மாலையில் மீண்டும் வருவதற்கு அவருக்கு நேரம் வேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். நிலையான வேலை வேண்டும். ஆகவே அவருக்காகவும் நாம் பேச வேண்டும். ஆள் கொடாமல் அறிக்கை கேட்பது, விதை கொடாமல் விளைச்சல் கேட்பதாகும்.

வறுமை குற்றமன்று

இன்னொன்று. அந்தத் தாளிலே வீட்டின் கூரை எழுதப்படுகிறது, வருவாய் எழுதப்படுகிறது. எழுதட்டும். எதற்காக எழுதுகிறோம் என்பதே கேள்வி. 'இவர்களிடம் இல்லை, ஆகவே பிள்ளையை எடு' என்று முடிப்பதற்கா? 'இவர்களிடம் இல்லை, ஆகவே இதைக் கொடு' என்று முடிப்பதற்கா? பொருளில்லாமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கலாகாது என்று ஐக்கிய நாடுகள் பொது அவை 2009இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

நம் சட்டத்தின் 45ஆம் பிரிவிலேயே நிதி ஆதரவுக்கு இடமிருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்திலே அதற்கு மாதம் 4,000 ரூபாய். குடும்பத்தின் ஆண்டு வருவாய் சிற்றூரில் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்பது வரம்பு. அதாவது நகரத்திலே மாதம் 8,000 ரூபாய்! இரண்டு வீட்டிலே பாத்திரம் துலக்கி, மருத்துவமனையிலே தரை துடைக்கும் தாய், அந்த வரம்பைச் சற்றே தாண்டிவிட்டால், உதவி பெறத் தகாத அளவுக்குச் 'செல்வந்தர்' ஆகிவிடுகிறாள்! நிதிப் பங்கீடு பற்றி நேற்றுக் கேட்டீர்களே, இந்தத் திட்டத்திலே மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. பெரிய பொருள்களென்று நாம் பேசுவன, சின்னஞ்சிறு வீட்டின் வாசலிலே வந்து எப்படி நிற்கின்றன, பார்த்தீர்களா?

நாம் கேட்பதும் செய்வதும்

நாம் கேட்பவை நான்கே.

ஒன்று: விசாரிப்பவர் பெற்றவரை நேரில் கண்டு பேசாமல் அறிக்கை முடியக் கூடாது. கதவு பூட்டியிருந்தால் மீண்டும் செல்ல வேண்டும். அதற்குரிய ஆள்பலத்தை அரசு தர வேண்டும்.

இரண்டு: கண்டது வேறு, கேட்டது வேறு, கருதியது வேறு என்று அறிக்கையிலே பிரித்து எழுத வேண்டும்.

மூன்று: அறிக்கையைத் தமிழிலே, பெற்றவருக்கும், புரியும் வயதுடைய பிள்ளைக்கும் படித்துக் காட்டி, அவர்கள் பதிலை அதே கோப்பிலே சேர்க்க வேண்டும். குழு தன் 'லாம்' அதிகாரத்தை இவ்வாறுதான் பயன்படுத்த வேண்டும் என்று நெறிப்படுத்த, விதி செய்யும் அதிகாரத்தை 110ஆம் பிரிவு மாநில அரசுக்குத் தருகிறது. டில்லிக்குக் காவடி எடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை, கோட்டையிலேயே தொடங்கலாம்.

நான்கு: 'பிள்ளை வீட்டிலேயே பாதுகாப்பாக இருக்க என்ன உதவி வேண்டும்?' என்ற கேள்விக்குப் பதில் எழுதாத எந்த அறிக்கையும் முழுமையானதாகக் கொள்ளப்படக் கூடாது.

கேட்பது அரசிடம். செய்வது நாம். உங்கள் பகுதியிலே ஒரு பிள்ளை குழுவின்முன் நிறுத்தப்பட்டால், அந்தக் குடும்பத்தைத் தனியே விடாதீர்கள். குழுவின் அலுவலகம் எங்கே, எந்த நாளிலே கூடுகிறது என்று அறிந்து வைத்திருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண்ணுக்கும் பிள்ளைக்கும் வருவாய் எவ்வளவு என்று பாராமலே இலவச வழக்கறிஞர் உண்டு. அறிக்கையின் சாரத்தைத் தெரிவிக்குமாறு 99ஆம் பிரிவைச் சுட்டி எழுத்திலே விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆணை பாதகமாக வந்தால், குழந்தைகள் நீதிமன்றத்திலே மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. அந்த நாள் தவறவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை! கட்சிக் கொடியோடு குழுவின் வாசலுக்குப் போகாதீர்கள். "நம்ம ஆளு" என்பதற்காகப் பரிந்து பேசாதீர்கள். பிள்ளையை அடித்தவர் நம் கிளையிலேயே இருந்தாலும், பிள்ளையின் பக்கமே நம் பக்கம். ஒரு பிள்ளை துன்புறுவதைக் கண்டால் 1098 எண்ணுக்குச் சொல்வதும் செயல்வீரரின் கடமையே. விசாரணையை வளைப்பது நம் வேலையன்று. விசாரணை வெளிச்சத்திலே நடக்கச் செய்வதே நம் வேலை.

தோழர்களே! இந்த முகாம் முடிந்து ஊர் திரும்புவீர்கள். உங்கள் தெருவிலே பகல் பதினொரு மணிக்குப் பூட்டிய கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னாலும், எங்கோ ஒரு வீட்டிலே பாத்திரம் துலக்கும் கை இருக்கிறது. சாலையிலே தார் ஊற்றும் கை இருக்கிறது. அந்தப் பூட்டைக் கண்டு ஒருவர் என்ன எழுதினார் என்பதை, அந்தக் கைக்குரியவர் கேட்கட்டும். கேட்டுப் பதில் சொல்லட்டும். அந்தப் பதிலையும் படித்த பிறகு குழு முடிவு செய்யட்டும்.

அதுவரை நம் முழக்கம் ஒன்றே: எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்!